கல்முனைக் கரையின் தொழில்வளமும் முதலீட்டு வரலாறும்

ஈழத்தின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்பு வாவி தெற்கே சென்று முடியும் இடத்தை அடுத்து, கடலுக்கும் நெல்வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டொன்று நீண்டு கிடக்கின்றது. அதன்மீது மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் முஸ்லிம் ஊர்களும், அவற்றினிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழர் ஊர்களும், ஒன்றன் எல்லை முடியுமிடத்தில் மற்றொன்று தொடங்குமாறு அமைந்துள்ளன. பழம்பெரும் ஊராகிய சம்மாந்துறை மட்டும் வயல்வெளிக்கு அப்பால் மேற்கே நிற்கின்றது. கல்முனை மாநகர சபையின் எல்லைக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்கின்றனர். வீடு கட்டப் புதுநிலம் தேடுவோர் கடலை நோக்கவேண்டும். அன்றேல் வயலை நிரப்பவேண்டும். வேறு வழியில்லை.

தொழினுட்பத் தொழில்களுக்கும் முதலீட்டுக்கும் ஏற்ற களம் எது என்று ஆராய்வோர் இக்காலத்தில் சில இலக்கணங்களை வகுத்துக்கொள்வர். நீரும் மின்வலுவும் வேண்டும். துறைமுகமும் நெடுஞ்சாலையும் வேண்டும். கற்றோர் தொகுதியும் கைத்திறன் உடையோர் தொகுதியும் வேண்டும். வணிகம் பயின்ற மரபும் கையிருப்புப் பொருளும் வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பின், கல்முனைக் கரையில் இல்லாதது என்று கூறத்தக்கது புகைவண்டி ஒன்றே எனலாம். 1928ஆம் ஆண்டிலே மட்டக்களப்பை எய்திய இருப்புப்பாதை அங்கேயே நின்றுவிட்டது. ஏனைய யாவும் ஏதோ ஒரு காலத்தில் இக்கரைக்கு வந்து சேர்ந்தன. வந்தும், இப்பகுதி பெருந்தொழிற் களமாக இன்னும் உருப்பெறவில்லை. அதன் காரணத்தை மக்களின் மடிமையிலோ மண்ணின் வறுமையிலோ தேடுவது பிழை. இங்கு இடப்பட்ட முதல் எவ்வெப்போது ஊரவர் திறத்தோடு இணைந்தது, எவ்வெப்போது இணையாது நின்றது என்பதைக் கண்டறிதலே பயன்தரும்.

இக்கரையின் முதல் மூலதனம் நெல்லே. போர்த்துக்கீசரால் தம் ஆட்சிப் பகுதிகளினின்றும் துரத்தப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினரை 1626ஆம் ஆண்டில் கண்டி அரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. அதற்கு முன்னரும் முஸ்லிம்கள் இங்கு வாழ்ந்தனர். வணிகராக வந்தோர் உழவராக மாறினர். எனினும் வணிகத்தைக் கைவிட்டாரல்லர். ஈழத்தின் வேறு பகுதிகளில் முஸ்லிம் என்றவுடன் கடைத்தெரு நினைவுக்கு வரும். இங்கோ வயல்வெளியும் உடன் நினைவுக்கு வரும். போடியார் நிலத்தையும் வித்தையும் கொடுப்பார். முல்லைக்காரன் உழைப்பைக் கொடுப்பான். நீர் பங்கிடுவதையும் வேலி அடைப்பதையும் வட்டவிதானை பார்த்துக்கொள்வான். முஸ்லிம் போடியாரும் தமிழ் முல்லைக்காரரும், தமிழ்ப் போடியாரும் முஸ்லிம் வியாபாரியும் அறுவடை வரை கடனால் பிணைக்கப்பட்டிருந்தனர். எழுத்தில் இல்லாத இக்கடனை வங்கிகள் தோன்றுவதற்கு முற்பட்ட வங்கி எனலாம்.

இவ்விடத்து மற்றொரு வழக்கமும் கருதற்பாலது. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் தாய்வழிக் குடிமுறை நிலவிற்று. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்லும். எனவே ஒரு குடும்பம் சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி மகளிர்க்கு வீடு கட்டுவதிலே செலவாயிற்று. இவ்வழக்கம் பெண்டிர்க்கு உறுதியான நிலையைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் தொழிலில் இடுவதற்குரிய பொருள் சுவரிலும் கூரையிலும் முடங்கிற்று என்பதும் உண்மை. 1970களின் பின் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பணமும் பெரும்பாலும் இதே வாய்க்காலிற் பாய்ந்தது.

அரசாங்கத்தின் முதல் பெருமுதலீடு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 1855 முதல் 1860 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் இப்பகுதி வயல்களை நேரிற் பார்வையிட்டு, பாழுற்றுக் கிடந்த இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தார். அவர் செய்தவற்றுள் குளத்தினும் சிறந்தது 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம். அச்சட்டம் புதிய அதிகாரியொருவரை உழவர்மேல் ஏற்றவில்லை. ஊரவர் கூடி நீர்முறையை வகுக்கும் பழைய வழக்கத்துக்கே சட்டத்தின் வலுவை அளித்தது. வட்டவிதானையின் சொல் அரசின் சொல்லாயிற்று. குளம் திருந்தியதும் வயல் பெருகியதன் காரணம் இதுவே. கரையைக் கட்டியது அரசாங்கம். நீரை ஆண்டது ஊர்.

இத்தகைய இணைப்பு மீண்டும் தோன்றியது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலாகும். 1942 ஏப்பிரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருக்கோணமலையிலும் குண்டு வீசினர். பர்மா அவர் கைப்பட்டமையால் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. உணவுப் பஞ்சம் நாட்டை நெருங்கிய அவ்வேளையில், நெல் விளைவைப் பெருக்குதற்பொருட்டுக் கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பெற்றவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். காடாகக் கிடந்த முடிக்குரிய நிலங்களை உழவர்க்கு வழங்கி விளைவித்தார். அலுவல் அதனோடு முடிந்திருக்கலாம். அவரோ வயல்களிடையே திரிந்த காலத்தில், நெல்லில் செல்வம் கண்ட ஊர்களிலே உயர்கல்வி பெற்றோர் மிக அரியராயிருந்ததைக் கண்டார். அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. அச்சிறு சங்கத்தின் அனுபவமே 1945இல் கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அடிப்படையாயிற்று. வயல் தந்த பொருளின் ஒரு பகுதி சுவரிற் புகாது பள்ளியிற் புகுந்த வரலாறு இது.

அக்காலத்தில் அஸீஸ் உறவாடிய பெரியாருள் ஒருவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர். சுவாமிகளைத் தமிழ்ப் புலவராகவும் யாழ்நூல் ஆசிரியராகவும் போற்றுவோர், அவர் முதலில் விஞ்ஞான ஆசிரியர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். கல்முனை மெதடிஸ்த மிசன் பாடசாலையில் தொடக்கக் கல்வி பெற்ற அவர், கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றவர். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தவர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். தொழினுட்பக் கல்வி இக்கரைக்கு அண்மைக்காலத்தில் இறக்குமதியான சரக்கு என்று கருதுவோர் இதனை நோக்குக.

இனி, கல்லோயாத் திட்டம். பட்டிப்பளையாறு என்று தமிழர் வழங்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து நீர்த்தேக்கம் அமைக்கும் பணி 1949இல் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1933இல் நிறுவப்பட்ட தெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு, அதே 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அணையைக் கட்டியதும் மொரிசன்–நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனமே. ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம், ஏறத்தாழ 11 மெகாவாற்று மின்வலுவைத் தரும் நிலையம், வலது இடது கரை வாய்க்கால்கள், ஹிங்குறாணையில் சீனித் தொழிற்சாலை என்றவாறு, இலங்கை சுதந்திரம் பெற்றபின் மேற்கொண்ட முதற் பெருமுதலீடு இக்கரையின் புறக்கடையிலே எழுந்தது.

இதனாற் கரையூர்கள் பெற்ற நன்மை சிறிதன்று. வானத்தை நோக்கிய வயல்கள் வாய்க்காலை நோக்கலாயின, சிறுபோகம் உறுதியாயிற்று, சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் நெல்லாலைகள் பெருகின. ஆயினும் பொறி, தொழிற்சாலை, பணிமனை, உத்தியோகம் ஆகிய யாவும் காட்டை வெட்டி எழுப்பிய அம்பாறை நகரைச் சூழ்ந்தே அமைந்தன. குடியேற்றங்களிற் பெரும்பாலன சிங்களக் குடியேற்றங்கள். 1956 யூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கிலே தமிழர்மீது நிகழ்ந்த வன்செயல், அச்சம் என்னும் எல்லைக்கோட்டை மேட்டுக்கும் கரைக்கும் இடையே வரைந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் வகுக்கப்பட்டபோது, மக்கள் நெருங்கி வாழும் கரை விடுக்கப்பட்டு, புதிய நகரே தலைநகராயிற்று. ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயணத்தில் அடையத்தக்க தூரந்தான் அது. ஆனால் முத்திரை ஒன்று பெறுதற்குச் சாய்ந்தமருதிலிருந்து வேறு மொழி வழங்கும் கந்தோருக்குச் செல்லவேண்டிய வியாபாரிக்கு அத்தூரம் மைல்களால் அளக்கத்தக்கதன்று.

மைசூர் நாட்டு வரலாற்றை இதனோடு ஒப்பிடுவது பொருந்தும். காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 1905இல் பெங்களூரை அடைந்தது. 1909இல் அங்கு இந்திய விஞ்ஞானக் கழகம் தோன்றியது. 1940இல் விமானத் தொழிற்சாலை எழுந்தது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் கணினிப் பணிக்கு அந்நகரைத் தேர்ந்தது. மின்வலு, கல்வி, ஆலை, அயல்நாட்டு முதல் ஆகிய நான்கும் எண்பதாண்டு இடைவெளியில் ஒரே நகரத்திலே, ஒன்றன் தோளில் மற்றொன்று ஏறியவாறு வந்தன. பட்டிப்பளையாற்றின் மின்வலுவோ கல்வி தேடிய கரையையும் தறியேறிய கரையையும் தொழிற்களமாக்காமலே நாட்டின் பொது மின்தொடருட் கலந்தது. சீனித் தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டு, பல ஆண்டுகளின் பின் அரசும் தனியாரும் கூடிய நிறுவனமொன்றினால் மீண்டும் இயக்கப்பட்டது. கல்லோயாத் திட்டத்தின் செலவுக்கு ஏற்ற பயன் விளையவில்லை என்றே 1970இல் வெளிவந்த மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை கண்டது.

அத்திட்டத்தில் உண்மையான வெற்றி பின்னர் வந்தது, அணையினால் வந்ததன்று. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, கடைமடைக்கு நீர் எட்டாத நிலை உண்டாயிற்று. தலைமடையில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களர். கடைமடையில் இருந்தோருள் தமிழ் பேசுவோர் பலர். கொழும்பிலுள்ள கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டதாரி இளைஞர்களை ஊர்களில் அமர்த்தி, வாய்க்கால்தோறும் உழவர் குழுக்களை அமைப்பித்தன. 1981இல் நீர்த்தேக்கம் காற்பங்கே நிறைந்திருந்த வேளையில், மேல்மடை உழவர் தாமாகவே முறைவைத்து நீரை மிச்சப்படுத்திக் கீழ்மடைக்கு விடலாயினர். புதிய பொறி எதுவும் இல்லை. புதிய சட்டமும் இல்லை. வார்ட் காலத்து வட்டவிதானை முறைமை வேறு பெயரோடு திரும்பி வந்தது என்றே கொள்ளலாம். இச்செய்தியை நீர்ப்பாசன அறிஞர் உலகெங்கும் எடுத்துப் பேசினர். அம்பாறை மாவட்டம் ஏற்றுமதி செய்த தொழினுட்பங்களுள் இதுவே தலையாயது என்று கூறினும் மிகையாகாது.

தறியின் வரலாறு இதனின் வேறுபட்டது. மருதமுனையில் அரசு வைத்த தொழிற்சாலையாலன்று, வீட்டு முற்றத்துத் தறியாலேயே நெசவு வளர்ந்தது. மருதமுனைச் சாரன் என்றால் இலங்கை முழுதும் அறியும். பாவு ஓட்டுவது, சாயம் தோய்ப்பது, நூல் சுற்றுவது, நெய்வது எனத் தொழில் பகுக்கப்பட்டு, ஆடவர் பெண்டிர் யாவரும் அதிற் பங்குகொண்டனர். ஒருவர் வீட்டில் நூல் சுற்ற, அடுத்த வீட்டில் நாடா ஓடும். ஊர் முழுவதும் ஒரே ஆலை. கூரைகள் மட்டும் பல. பெண்டிருக்கு உரிய வீடே தொழிற்கூடமும் ஆனமையால், சீதன வீடு இங்கு முடங்கிய முதலாக இல்லாது உழைக்கும் முதலாயிற்று. குடிமுறையைப் பற்றி முன்னர்க் கூறியதற்கு மருதமுனை ஒரு புறநடை, சிந்தித்தற்குரிய புறநடை.

1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் கைத்தறிக்குப் பொற்காலம். கேட்ட துணியை நெய்து கொடுக்க முடியாத அளவுக்குத் தேவை மிகுந்தது. அந்த ஏழாண்டுகளில் ஈட்டிய ஆதாயம் சாயத் தொழினுட்பத்திலோ, நூற்பாலையிலோ, புதிய உருக்கோலங்களிலோ போதியவாறு இடப்படவில்லை. நூலும் சாயமும் வெளியிலிருந்தே வந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், விசைத்தறித் துணியும் அயல்நாட்டுத் துணியும் மலைபோற் குவிந்தன. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வேலியடைத்துக் காத்த பயிர் வேலி நீங்கியதும் வாடியது. கோவை மாவட்டத்துத் தறிக்காரர் 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபோது தொடங்கிய மாற்றத்தை மருதமுனை தொடங்கவே இல்லை. இங்கினியாகலையின் மின்வலு சில மணி நேரப் பயணத்துக்குள்ளேயே இருந்தது என்பதை எண்ணும்போதுதான் இதன் வருத்தம் விளங்கும்.

அதன்பின் போர் வந்தது. 1990ஆம் ஆண்டின் கொடுமைகள் தமிழரையும் முஸ்லிம்களையும் தத்தம் ஊர்களுக்குள் ஒடுக்கின. உள்நிலத்து வயல்கள் பல ஆண்டுகள் தரிசு கிடந்தன. முன்னர்க் கூறிய அறுவடைக்கடன் அறுந்தது. அதனோடு நம்பிக்கையும் அறுந்தது. 2004 திசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டக் கரையிலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டது. இலங்கையில் எந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. மருதமுனையிற் கடலோரத் தறிகளும் அலையோடு போயின.

போரின் நடுவிலேதான் இக்கரையின் மிகப் பெரிய கல்வி முதலீடு அமைந்தது என்பது வியப்புக்குரியது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கற்ற முஸ்லிம் மாணவர் அங்குத் தொடர்ந்து செல்ல இயலாத நிலையில், 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, 1996 மேயில் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையிற் கற்ற அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃப் இதன் பின்னணியில் நின்றவர். ஒலுவில் வளாகத்தில் கலையும் முகாமைத்துவமும் முதலில் வளர்ந்தன. பிரயோக விஞ்ஞானம் சம்மாந்துறையில் இடம்பெற்றது. பின்னாளில் பொறியியலும் தொழினுட்பமும் சேர்ந்தன. இடம்பெயர்ந்தோர்க்குப் புகலிடமாகத் தொடங்கிய கல்விக்கூடம் நாடெங்குமிருந்து சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒருங்கு பயிலும் இடமாயிற்று. 1942இல் ஒரு சிறு சங்கம் விதைத்த விதை அரை நூற்றாண்டின் பின் மரமாயிற்று எனல் தகும்.

துறைமுகங்கள் அமைச்சராயிருந்த அஷ்ரஃப் கண்ட மற்றொரு கனவு ஒலுவிற் துறைமுகம். 1999இல் வெளிச்சவீடு எழுந்தது. 2000 செப்டெம்பர் 16இல் அவர் வான்விபத்தில் மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியாக ஏறத்தாழ 4.6 கோடி யூரோவைக் கொண்டு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. வணிகக் கப்பலும் மீன்பிடிக் கலமும் ஒருங்கே தங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நிகழ்ந்தது வேறு. இக்கரையில் மணல் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கின்றது. அலைதடுப்புச் சுவர்கள் அதனை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயில் தூர்ந்தது. வடக்கே மணல் வரத்து இல்லாமையால் ஒலுவிலிலும் அப்பால் நிந்தவூரிலும் தென்னந்தோட்டங்களும் கரையும் கடலுட் சென்றன. வள்ளங்கள் வெளியேற முடியாமல் மீனவர் மறியல் செய்தனர். நிலம் இழந்தோர் கல்லணை கேட்டுப் போராடினர். வாயிலைத் தோண்டினால் கரையரிப்பு மிகும் என்று ஒரு சாராரும், தோண்டாவிடின் தொழில் போகும் என்று மற்றொரு சாராரும் எதிரெதிரே நின்றனர். இரு சாராரும் ஒரே கரையின் மக்கள்.

மணலின் இயல்பு இக்கரையார் அறியாத ஒன்றன்று. மாரியில் வெள்ளம் மிகுந்தால் ஆற்றுவாய் மணலை வெட்டித் திறப்பதும், கோடையில் அலை அதனை மீண்டும் அடைப்பதும் அவர்கள் தலைமுறைகளாகக் கண்டு வந்தவை. கரைவலைக்காரன் தன் பாட்டின் எல்லையை மணலின் போக்கைக் கொண்டே வகுத்தான். இவ்வறிவு வரைபடத்திற் போதிய இடம் பெற்றிருப்பின், சுவர்களின் அமைப்பேனும் மணலைக் கடத்திவிடும் ஏற்பாடேனும் வேறாகியிருக்கும்.

இன்று ஒலுவிலிலே பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகமும் மணல் தூர்ந்த துறைமுகமும் ஒரே ஊரின் இரு பக்கங்களில் உள்ளன. கல்முனையில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பிரதேச செயலக எல்லை பற்றிய வழக்கு 1989இல் உப செயலகம் அமைந்த நாள்முதல் நீடிக்கின்றது. காணிப் பதிவும் தொழில் அனுமதியும் எந்தக் கந்தோரில் முடிவாகும் என்பது தெளியாத ஊரில், வெளியூர் முதலாளி மட்டுமன்றி உள்ளூர் வியாபாரியும் பணத்தை இடத் தயங்குவான். மருதமுனையில் எஞ்சிய தறிகள் இன்னும் ஓடுகின்றன. அங்கு நெய்யப்படும் சாரனுக்கும் சேலைக்கும் கொழும்புக் கடைகளில் இடமுண்டு. நூல் இன்றும் வெளியிலிருந்தே வருகின்றது.